ஒரு பக்கப் பாரம்

ஜனவரி மாதம். மாலை ஏழு மணி.

ஏழுதான்... நடுராத்திரி இல்லை. பேய் பன்னிரண்டு மணிக்கு மேல்தான் டியூட்டிக்கு வர வேண்டும் என்று எந்தச் சர்க்காரும் உத்தரவு போடவில்லை. தில்லியில் பனி இறங்கிவிட்டால் ஏழு மணிக்கே எதிரில் வருவது மனிதனா மாடா என்று தெரியாது. பத்ரி, சிரிக்காதே. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார். கரண்ட் வரும்போது வரும். ஜ்யோத்ஸ்னா, பயமாக இருந்தால் என் பக்கத்தில் வந்துவிடு. ஆனால் இந்த ரஜாய்ப் போர்வையில் கடலைத் தோலைப் போட்டாயோ, பேய்க்கு முன்னால் நான் உன்னைப் பிடித்துக்கொள்வேன்.

நஜஃப்கட் பக்கம் ஒரு சாலை இருக்கிறது. இரண்டு புறமும் ஆள் உயரத்துக்கு மேல் மதில். மதிலுக்குள்ளே பார்ம் ஹவுஸ்கள், கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிறவை. சீசனில் பேண்டும் குதிரையும் பட்டாசுமாக நடக்க இடமிருக்காது. ஆனால் நம் மார்கழி முடிகிற வரைக்கும் வடக்கத்திக்காரர்கள் கல்யாணம் வைப்பதில்லை. அந்த நாட்களில் அங்கே ஒரு நாய்கூட நடமாடாது. அன்றைக்கு விளக்குக் கம்பத்தில் விளக்கு எரிவது தெரிந்தது... கீழே தெரு தெரியவில்லை.

அந்தச் சாலையில் மாசிலாமணி தனியாக நடந்துகொண்டிருந்தார். என் சிநேகிதி மேகலாவின் அப்பா. இதே லக்ஷ்மிபாய் நகரில், அடுத்த பிளாக்கில், மூன்றாவது மாடி. அவர் மேகலாவிடம் சொன்னதை மேகலா என்னிடம் சொன்னாள். நடுவில் நான் ஒரு கல் உப்புகூடச் சேர்க்கவில்லை.

ஐந்து மணிக்கே வேலை முடிந்து அந்தச் சாலையை விட்டுக் கிளம்பியவர் அவர். பஸ் ஸ்டாப்பில் நின்றார். பஸ்ஸும் வந்தது. ஏறவில்லை. இன்னொன்று வந்தது. அதிலும் ஏறவில்லை. மனசு கேட்கவில்லை... திரும்பி நடந்தார். கான்வாஸ் ஷூ சத்தம் மட்டும் கூடவே வந்தது. சரக்... சரக்.

ஏன் கேட்கவில்லை என்றால், அந்த மனிதர் செய்த உத்தியோகம் அப்படி.

தூத்துக்குடிக்காரர். கப்பற்படையில் ஹாரியர் விமானத்துக்குக் குண்டு மாட்டுகிற வேலை. அது ஓடுதளத்தில் ஓடி ஏறுகிற சாதாரண விமானம் இல்லை. திரும்பி வந்து கப்பலுக்கு மேலே அப்படியே அந்தரத்தில் நிற்கும். வயிற்றுக்குப் பக்கத்தில் நாலு வாய், அது வழியாகக் காற்றைக் கீழே பீச்சிக்கொண்டு நிற்கும். நின்ற வாக்கில் இறங்கும். அப்படி நிற்கிறபோது ஒரு இறக்கையில் பாரம் கூடி இன்னொன்றில் குறைந்தால்... போச்சு. ஒரு பக்கமாகப் புரண்டுவிடும். விரல் நுனியில் தட்டை நிறுத்துகிற கதைதான். அதனால் இடது இறக்கையில் என்ன மாட்டுகிறார்களோ, அதே எடையை வலதிலும் மாட்ட வேண்டும். குண்டானாலும் சரி, எண்ணெய்த் தொட்டியானாலும் சரி.

ஒரு தடவை பயிற்சிக்குப் போன விமானத்தில் இடது குண்டு விழுந்தது, வலது குண்டு கொக்கியிலேயே சிக்கிக்கொண்டது. கப்பலுக்கு மேலே வந்து நிற்க வழியில்லை. மறுபடி கடலுக்குள் போய்க் கொக்கியோடு சேர்த்து அதைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் இறங்கியது. அது வரைக்கும் கீழே ஒருவரும் மூச்சு விடவில்லையாம்.

இடது இறக்கை மாசிலாமணியுடையது. வலது இறக்கை ஓம்வீருடையது. ஓம்வீர் பகதூர்கட் தாண்டி ஏதோ ஒரு கிராமத்து ஜாட் சாதிக்காரன். தலையில் கடுகெண்ணெய் வழிய வழியத் தேய்த்துக்கொள்வான், நாலு ஆள் தள்ளி நின்றாலும் வாசனை வரும். இவருக்கு இந்தி அரைகுறை, அவனுக்குத் தமிழ் சுத்தம். ஆனாலும் வருஷக்கணக்காக அந்த இரண்டு பேரும்தான் ஜோடி. கப்பல் தளத்தில் எஞ்சின் சத்தத்தில் கத்தினாலும் கேட்காது. அதனால் தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். மாட்டி முடித்ததும் அவரவர் இறக்கையின் அடியில் உள்ளங்கையை வைக்க வேண்டும். இடது ஆள் விரல் முட்டியால் இரண்டு தட்டு. டக்... டக். வலது ஆள் ஒரு தட்டு. டக். காதில் விழாது, கையில் விழும். பதில் வருகிற வரைக்கும் கையை எடுக்கக் கூடாது. இது எந்தப் புத்தகத்திலும் கிடையாது. அவர்கள் இரண்டு பேருடைய சட்டம்.

ஓம்வீர் ஒரு வாக்கியம் சொல்லிக்கொண்டே இருப்பானாம். "அகேலா போஜ் கர் நஹீ லௌட்தா." தனிப் பாரம் வீடு திரும்பாது.

ஓய்வு பெற்றதும் ஆளுக்கொரு திசை. தீபாவளிக்குத் தீபாவளி போனில் பேசிக்கொள்வார்கள். மேகலாவின் அம்மா போன பிறகு மாசிலாமணி மகளோடு இருக்கத் தில்லிக்கு வந்தார். வந்த அன்றைக்கே ஓம்வீர் நம்பரைப் போட்டார். ஸ்விட்ச் ஆஃப். மறுநாளும் ஸ்விட்ச் ஆஃப். கிராமத்தின் பெயர் தெரியாது. அப்படியே விட்டுவிட்டார்... விட்டுவிட்டார் என்று சொல்வதுகூடத் தப்பு. தினமும் காலையில் ஒரு தடவை அந்த நம்பரைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் காபி குடிப்பார்.

மேகலாவின் வீட்டுக்காரருக்குக் கவுஹாத்தியில் போஸ்டிங். அவள் காலையில் ஆபீஸ் போனால் இருட்டிய பிறகுதான் வருவாள். நாள் முழுக்க அந்த வீட்டில் மாசிலாமணியும் டிவியும்தான். பேச ஆள் கிடையாது. காய்கறி வாங்க இறங்குவார். அதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும். இரண்டு பை கொண்டு போவார். வாங்கி முடித்ததும் இரண்டையும் இரண்டு கையில் தூக்கிப் பார்த்து, இதிலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்து அதில் போட்டு, மறுபடி தூக்கிப் பார்த்து... கடைக்காரன் 'பாபுஜி தராசு' என்று பெயரே வைத்துவிட்டான். நாங்கள் எல்லாரும் சிரிப்போம். கட்டிலில்கூட ஓர் ஓரமாகத்தான் படுப்பாராம், மறு ஓரம் அம்மாவுடையது. மேகலா அதைச் சொன்ன பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போதுதான் மேகலாவின் ஆபீஸில் ஒருத்தர் வீட்டுக் கல்யாணம், நவம்பரில், அந்தச் சாலையில் ஒரு பார்ம் ஹவுஸில். போன இடத்தில் புல்வெளி நடுவில் நிற்கிறது ஒரு ஹாரியர்! எஞ்சின் பிடுங்கிய வெறும் கூடு. முதலாளி எங்கேயோ ஏலத்தில் எடுத்துக்கொண்டு வந்து, மாப்பிள்ளையும் பொண்ணும் போட்டோ எடுத்துக்கொள்வதற்காக நிறுத்தியிருந்தான். சுற்றிலும் சீரியல் விளக்கு. மாசிலாமணி சாப்பிடாமல் போய் அதன் பக்கத்தில் நின்றுவிட்டார். முதலாளி விசாரித்தான். இவர் சொன்னார். அவனுக்கு ஒரே குஷி. தகரத்தில் டம்மி குண்டு செய்யச் சொல்லியிருப்பதாகவும், அங்கிள் ஜியே வந்து அதை மாட்டிக்கொடுக்க வேண்டும் என்றும் கேட்டான். மனிதர் மறுநாளிலிருந்து டிபன் பாக்ஸோடு கிளம்பிவிட்டார். அப்பா முகத்தில் சிரிப்பைப் பார்த்து மேகலாவும் சந்தோஷப்பட்டாள். போகட்டும், வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பதற்கு இது தேவலை என்று நினைத்தாள். யாருக்குத் தெரியும்?

சங்கராந்திக்கு அப்புறம் முதல் கல்யாணம். அதற்குள் குண்டும் தொட்டியும் வந்து சேர்ந்தன, உள்ளே சிமெண்ட் போட்டு நல்ல கனம். ஆனால் ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் வந்தன. வாசலிலிருந்து பார்த்தால் இடது பக்கம்தான் தெரியும், வலது பக்கம் மதிலைப் பார்த்து நிற்கிறது.

"அரே அங்கிள் ஜி, உஸ் தரஃப் கௌன் தேக்தா ஹை?" என்றான் முதலாளி. அந்தப் பக்கம் எவன் பார்க்கப் போகிறான் என்று.

மாசிலாமணி சண்டை போட்டார். கையைக் கூப்பினார். அவன் காதிலேயே வாங்கவில்லை. ஆட்கள் செயின் புல்லி வைத்து இடது இறக்கையில் தூக்கி மாட்டினார்கள். அந்த விமானத்துக்குச் சக்கரம் ஒரு விசித்திரம். பெரிய சக்கரங்கள் எல்லாம் சைக்கிள் மாதிரி நடுவயிற்றில் ஒரே வரிசை. விழாமல் இருக்க இரண்டு இறக்கையின் நுனியிலும் ஒவ்வொரு குட்டிச் சக்கரம். இடது பக்கம் பாரம் ஏறியதும் விமானம் க்ரீ... என்று முனகிக்கொண்டு இடது குட்டிச் சக்கரத்தின் மேல் சாய்ந்தது. தோள் இறங்கிய ஆள் நிற்கிற மாதிரி நின்றது. ஆட்கள் பீடி பற்றவைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அதற்காகத்தான் பஸ்ஸை விட்டுவிட்டுத் திரும்பி நடந்தார்.

கேட்டில் வாட்ச்மேன் போர்வைக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தான். இவர் உள்ளே போனார். பனி... புல்வெளி முழுக்கப் பனி. முதலில் வாசனைதான் வந்தது. மண்ணெண்ணெய் மாதிரி, ஆனால் மண்ணெண்ணெய் இல்லை. விமான எண்ணெய். பல வருஷமாக ஒரு சொட்டுகூடப் பார்க்காத வெறும் கூட்டிலிருந்து எப்படி வரும்? மூக்குதான் ஏமாற்றுகிறது என்று நினைத்துக்கொண்டார். இடது இறக்கைக்கு அடியில் போய்க் கொக்கியைத் தடவிப் பார்த்தார். மாட்டினது சரியாகத்தான் மாட்டியிருந்தது. பழக்க தோஷம்... உள்ளங்கையை இறக்கையின் அடியில் வைத்தார். விரல் முட்டியால் தட்டினார்.

டக்... டக்.

தட்டின பிறகுதான் உறைத்தது. 'அட கிறுக்குப் பயலே' என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். சிரிப்பு வந்தது. கையை எடுக்கப் போனார்.

எடுக்க முடியவில்லை. யாரும் பிடித்துக்கொள்ளவில்லை, பத்ரி, நீ நினைக்கிற மாதிரி ஒன்றும் இல்லை. பதில் வராமல் அந்தக் கை ஒரு நாளும் இறங்கியதில்லை. அதனால் இறங்கவில்லை. தகரம் பனிக்கட்டியாக இருந்தது. விரல்கள் மரத்தன. அவர் நின்றார். ஓம்வீரை நினைத்துக்கொண்டார். தினமும் காலையில் கேட்கிற அந்த ஸ்விட்ச் ஆஃப் குரலை நினைத்துக்கொண்டார். இந்த ஊரில் தனக்குப் பதில் சொல்ல ஓர் ஆள்கூட இல்லை என்று தோன்றியதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நல்ல பெரிய மனிதர்... இருட்டில் தனியாக நின்று அழுதிருக்கிறார்.

அப்போது உள்ளங்கையில் விழுந்தது.

டக்.

ஒன்றே ஒன்று.

மேலே இரும்பு முனகியது. க்ரீ... அழுந்தியிருந்த இடது குட்டிச் சக்கரம் மெல்ல மெல்ல நிமிர்ந்தது. கைக்கு மேலே இறக்கை உயர்ந்தது. விமானம் நேராக நின்றது. சரிக்குச் சரி. அந்தப் பக்கமிருந்து, பனிக்குள்ளிருந்து, கடுகெண்ணெய் வாசனை வந்தது.

நீங்களும் நானும் என்றால் அலறிக்கொண்டு ஓடியிருப்போம். அவர் ஓடவில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? சந்தோஷப்பட்டார். கையை எடுத்தார், அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமல் கேட்டுக்கு நடந்தார். வழியெல்லாம் சீட்டி அடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

மறுநாள் முதலாளி பார்த்தான். விமானம் நேராக நிற்கிறது. வலது இறக்கை வெறுமையாகத்தான் இருக்கிறது. "பார்த்தீங்களா அங்கிள் ஜி, சும்மா பயந்தீங்க" என்கிற மாதிரி ஏதோ சொன்னானாம். மண் இறங்கிச் சமமாகிவிட்டது என்றான் மேஸ்திரி. நீயும் அதைத்தான் சொல்லப் போகிறாய், பத்ரி, தெரியும். உனக்குக் கடைசியில் ஒரு கேள்வி வைத்திருக்கிறேன், அதுவரைக்கும் வாயில் கடலையைப் போட்டுக்கொள்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் மாசிலாமணி அங்கே போய்விடுவார். வேலை முடிந்துவிட்டது, போக வேண்டிய அவசியமே இல்லை. இருந்தாலும் போவார். இரண்டு தட்டு தட்டுவார். அந்தப் பக்கம் ஒரு தட்டு வரும். திரும்பி வருவார். அவ்வளவுதான். ஆனால் ஒரு விஷயம்... பதில் நாளுக்கு நாள் தாமதமாக வர ஆரம்பித்தது. முதலில் ஒரு பீடி பிடிக்கிற நேரம். அப்புறம் ஒரு பாட்டு முடிகிற நேரம். அப்புறம் ஒரு பஸ் போய் அடுத்த பஸ் வருகிற நேரம். பதில் வந்தால்தானே கையை எடுக்கலாம்? அதுவரைக்கும் ஜனவரிக் குளிரில் அந்த இரும்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இருமல் பிடித்தது. உள்ளங்கை வெளுத்துப்போய் மரத்துப்போனது. வீட்டில் ஸ்பூனைப் பிடித்தால் நழுவியது.

மேகலா விடுவாளா? எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டாள். மாஜி ராணுவத்தார் கேண்டீனில் விசாரித்து, ஆள் மேல் ஆள் பிடித்து, ஓம்வீரின் பக்கத்து வீட்டுக்காரன் வரைக்கும் போனில் பிடித்துவிட்டாள். ஓம்வீர் போய்ச் சேர்ந்து இரண்டாவது குளிர்காலம். மகன்கள் கனடாவில். தனியாகத்தான் இருந்தான். மூன்று நாள் கழித்துத்தான் கதவை உடைத்தார்களாம். கட்டிலில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தான், உள்ளங்கையைச் சுவரில் வைத்தபடி. அந்தக் கையை இறக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது என்றான் பக்கத்து வீட்டுக்காரன்.

அப்பாவிடம் சொன்னாள். அவர் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும் மக்கா. உசுரோட இருந்தா போனை எடுத்திருப்பாம்லா?"

"அப்பா, உங்களுக்கே தெரிஞ்சுதான் போறீங்களா? எனக்கு அம்மாவும் இல்ல. நீங்களும் போயிட்டா நான் யார்கிட்டப்பா போவேன்?"

அவர் மறுநாளும் போனார்.

அன்றைக்கு மணி ஒன்பதாகியும் வரவில்லை. மேகலா ஆட்டோ பிடித்துக்கொண்டு போனாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அப்பா வீட்டுக்கு வர வேண்டும். பனிக்குள் அவர் நிற்பது தெரிந்தது. கை மேலே. உதடு நீலம். பல் கிட்டித்துப்போயிருந்தது. கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. "அவன் இன்னும் சொல்லல மக்கா" என்றார். குரலே இல்லை. இன்னும் ஒரு மணி நேரம் நின்றால் அப்பா மிஞ்ச மாட்டார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மேகலா வலது பக்கம் போனாள். தனியாக. அங்கே யாரும் இல்லை. வெறும் இறக்கை, பனி, கடுகெண்ணெய் வாசனை. கையைக் கூப்பிக்கொண்டு, "தாவ் ஜி, மேரே பாபா கோ கர் ஜானே தோ" என்றாள். பெரியப்பா, என் அப்பாவை வீட்டுக்கு விடுங்கள் என்று. பதில் இல்லை. அழுதாள். பாவம், அவள் வேறு என்ன செய்வாள்? கையைத் தூக்கினாள்... விரல் முட்டியால் இறக்கையில் அவளே ஒரு தட்டு தட்டிவிட்டாள்.

டக்.

அப்புறம் மாசிலாமணியின் கை இறங்கியது. மகளோடு ஆட்டோவில் ஏறினார்.

அதோடு போவதை நிறுத்திவிட்டார். இருமல் குறைந்தது. சாயங்காலம் நம் பார்க்கில் வந்து வெயில் காய்ந்தார், நானே பார்த்தேன். காய்கறிப் பையை மட்டும் ஒரே கையில் தூக்கி வந்தார். மேகலா அவளுடைய முனீஸ்வரனுக்குக் கற்பூரம் ஏற்றினாள்.

பிப்ரவரி பிறந்தது. பார்ம் ஹவுஸில் ஒரு கல்யாணம். பொண்ணோட அம்மா வந்து பார்த்துவிட்டு, சுப காரியத்தில் குண்டு தொங்குகிறதே, அபசகுனம், கழற்றினால்தான் ஆச்சு என்று ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டாள். முதலாளிக்கு என்ன? கழற்றச் சொன்னான். புல்லி வைத்து இடது பக்கத்தை இறக்கினார்கள். இப்போது இரண்டு பக்கமும் காலி. விமானம் சும்மா நேராகத்தானே நிற்க வேண்டும்?

சாய்ந்தது. க்ரீ என்று முனகிக்கொண்டு... வலது பக்கமாக.

ஒன்றுமே மாட்டாத வலது இறக்கை இறங்கிக்கொண்டே போய், குட்டிச் சக்கரம் நசுங்கி, அப்படியே நின்றது. ஷாமியானா கட்டிக்கொண்டிருந்தவர்கள் கட்டையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். முதலாளி மாசிலாமணிக்குப் போன் போட்டான். எடுத்தது மேகலா. கேட்டாள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, இனிமேல் போன் பண்ணாதீர்கள் என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

மாசிலாமணி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"வலது பக்கம் சாஞ்சிருச்சோ?"

மேகலா போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"அவன் தனியா பிடிச்சிக்கிட்டு நிக்கான் மக்கா. நான் கையை எடுத்துட்டம்லா?"

"அப்பா... பதில் வந்துச்சுல்ல? அன்னைக்குப் பதில் வந்த பிறகுதான நீங்க எடுத்தீங்க?"

அவர் அவள் கையைப் பார்த்தார். முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல்.

"தட்டுறப்போ வளையல் சத்தம் கேட்டுச்சு. ஓம்வீர் எப்பட்டி வளையல் போட்டான்? நீ அழுதேன்னு, கேட்டும் கேக்காத மாதிரி எடுத்தேன். அவனை ஏமாத்திட்டேன்."

மேகலா அவர் மடியில் விழுந்து அழுதாள். தலையைத் தடவிக்கொடுத்தார். ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. அப்புறம் எழுந்து சுவரோரமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அது வெளிச்சுவர், அதற்கு அந்தப் பக்கம் மூன்று மாடிப் பள்ளம்தான். உள்ளங்கையைச் சுவரில் வைத்தார்.

டக்... டக்.

"சாப்பிட வாங்கப்பா."

"இரு மக்கா. அவன் சொல்லட்டும்."

அவள் சாதத்தைப் பிசைந்து ஊட்டிவிட்டாள். இரண்டு வாய் வாங்கிக்கொண்டார். கை இறங்கவில்லை. போர்வையைப் போர்த்திவிட்டுப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள், இந்தத் தடவை எதையும் தட்டாமல். எப்போது கண் அசந்தாளோ தெரியாது. முழித்தது ஒரு சத்தத்துக்கு. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து... வெளியிலிருந்து... நிற்க இடமே இல்லாத இடத்திலிருந்து.

டக்.

'அப்பாடா' என்று நினைத்தாளாம். பாருங்கள், அந்த நேரத்தில் அவளுக்கு அப்படித்தான் தோன்றியிருக்கிறது. பதில் வந்துவிட்டது, இனி அப்பா கையை எடுத்துவிடுவார், படுக்கச் சொல்லலாம் என்று. கையும் இறங்கியது. சுவரைவிட்டு மெல்ல வழுக்கிக்கொண்டு அவர் மடியில் வந்து விழுந்தது. முகத்தில் சிரிப்பு. தொட்டுப் பார்த்தாள். உடம்பு முழுக்க ஜில்லென்று இருந்தது. அறை முழுக்கக் கடுகெண்ணெய்.

காரியம் எல்லாம் முடிந்து பல நாள் கழித்துத்தான் மேகலா அந்த பார்ம் ஹவுஸுக்குப் போனாள், துணைக்கு நானும் போனேன். விமானம் நேராகிவிட்டது என்றான் வாட்ச்மேன். என்றைக்கு என்று கேட்டோம். சொன்னான். அவர் போன அதே ராத்திரி.

பத்ரி, நீ இஞ்சினியர். இப்போது கேட்கிறேன், பதில் சொல். நேரான விமானம் மறுபடி சாயுமோ என்று பயந்து மறுநாளே முதலாளி சக்கரங்களுக்கு அடியில் கெட்டியாக சிமெண்ட் போட்டிருந்தான். நான் குனிந்து இறக்கைக்கு அடியில் பார்த்தேன், இரண்டு பக்கமும். கொக்கிகள் வெறுமை. ஒரு கம்பிகூடத் தொங்கவில்லை. உள்ளே எஞ்சினும் கிடையாது, வெறும் கூடு. ஆனால் இறக்கை நுனியில் இருக்கிற அந்தக் குட்டிச் சக்கரங்கள் இருக்கின்றனவே... இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று... இரண்டும் காய்ந்த சிமெண்டை உடைத்துக்கொண்டு, ஒரே ஆழத்துக்கு, பாதிக்கு மேல் உள்ளே புதைந்திருந்தன. எந்தப் பாரத்தில், பத்ரி?